ஹவுளில் வாழும் உயிர்களும் நம் பொறுப்பும்

உயிருள்ள ஒவ்வொன்றையும் தண்ணீரிலிருந்தே ஆக்கியிருப்பதாக அல்லாஹு தஆலா தன் திருமறையில் (21:30) அறிவிக்கிறான். அத்தண்ணீரைக் கொண்டுதான் நாம் ஒளூச் செய்கிறோம், கடமையான குளிப்பை நிறைவேற்றுகிறோம், மய்யித்தைக் குளிப்பாட்டுகிறோம். இதனாலன்றோ நம் இமாம்கள் ஃபிக்ஹு நூல்களில் தண்ணீரைப் பற்றிய பாடத்தை முதற்பாடமாக வைத்தார்கள்! மத்ரஸாவில் கிதாபு ஓதத் தொடங்கும் பிள்ளை முதலில் கற்பது தண்ணீரின் வகைகளைத்தான். ஆனால், அந்தத் தண்ணீருக்குள் வாழும் மீனைப் பற்றியும், கரையில் ஒதுங்கும் தவளையைப் பற்றியும், தாகத்தோடு வந்து குனியும் பறவையைப் பற்றியும் நம்மில் எத்தனை பேர் சிந்திக்கிறோம்?

நம் ஊர்ப் பள்ளிவாசல்கள் பலவற்றில் முன்பு ஹவுள் இருந்தது. இப்போது பல இடங்களில் அது மூடப்பட்டு, குழாய்கள் வந்துவிட்டன. எஞ்சியிருக்கும் ஹவுள்களில் மீன்கள் நீந்துவதைக் காண்கிறோம். வீடுகளிலோ, கொல்லையிலும் முற்றத்திலும் சிமெண்டுத் தொட்டி கட்டி, அல்லியும் மீனும் வளர்க்கும் வழக்கம் பெருகி வருகிறது. நல்லதுதான். ஆனால் ரமளான் நெருங்கும்போது என்ன நடக்கிறது? மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் முழுவதையும் இறைக்கிறார்கள். மீன்கள் தரையில் துடிக்கின்றன. தவளைகள் துடைப்பத்தால் அடிபடுகின்றன. பிறகு பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்பி, பிழைத்த மீன்களை உடனே அதில் விடுகிறார்கள். மறுநாள் அவை வயிறு மேலாக மிதக்கின்றன. “சுத்தம் ஈமானைச் சேர்ந்ததல்லவா, வேறென்ன செய்வது?” என்று காரணமும் சொல்லப்படுகிறது.

சுத்தத்தின் பெயரால் இப்படி உயிர்களை வதைக்க ஷரீஅத் நம்மை ஏவியிருக்கிறதா என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட பாடம்.

சட்டம் பிறந்த இடம்

தண்ணீரைப் பற்றிய பாடத்தில் குல்லத்தைன் என்ற சொல்லைக் கேள்விப்படாத ஷாஃபிஈ வீடு இராது. இரண்டு குல்லத்து அளவுத் தண்ணீர், நஜீஸ் விழுந்தாலும் அதன் நிறமோ சுவையோ வாடையோ மாறாதவரை அசுத்தமாகாது. ஒன்றேகால் முழ நீளமும், அதே அகலமும், அதே ஆழமும் கொண்ட தொட்டியில் கொள்ளும் தண்ணீரே அந்த அளவு. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 200 லிட்டருக்குச் சற்று மேல் வரும். கணக்கிடும் முறையில் சிறு வேறுபாடுகள் உண்டு.

இந்தச் சட்டம் எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ள செய்தி இது: திறந்த வெளியில் கிடக்கும் தண்ணீரையும், அதில் வந்து போகும் கால்நடைகளையும் விலங்குகளையும் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. அதற்குத்தான் அண்ணலார், தண்ணீர் இரண்டு குல்லத்து இருந்தால் அது அசுத்தத்தைச் சுமக்காது என்ற கருத்தில் விடையளித்தார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! விலங்குகளை அடித்து விரட்டுங்கள் என்று அங்கே சொல்லப்படவில்லை. தண்ணீர் போதிய அளவு இருக்கட்டும் என்பதே விடையின் சாரம். அவையும் குடிக்கட்டும், நீங்களும் ஒளூச் செய்யுங்கள். சுத்தமும் இரக்கமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை இந்த ஒரு சட்டமே நமக்குக் கற்பித்துவிடுகிறது.

ஹனஃபீ மத்ஹபில் இந்த அளவு எடுத்துக்கொள்ளப்படவில்லை. பத்து முழ நீளம், பத்து முழ அகலம் உள்ள தடாகத்தையே அவர்கள் பெரிய தண்ணீராகக் கொள்கிறார்கள். கையால் அள்ளும்போது தரை தெரியாத அளவு ஆழமும் வேண்டும். அது ஓடும் தண்ணீரின் சட்டத்தில் அடங்கும். ஒரு பக்கம் ஏறத்தாழ 15 அடி. பள்ளிவாசல் ஹவுள்களை இவ்வளவு அகலமாகக் கட்டும் வழக்கத்துக்கு இதுவே காரணம். வீட்டுத் தொட்டிகள் பெரும்பாலும் இதைவிடச் சிறியவை. ஆகவே ஹனஃபீ வீட்டார் தோட்டத் தொட்டியை உயிர்களுக்கென விட்டுவிட்டு, ஒளூவுக்குக் குழாயையோ கிணற்றையோ பயன்படுத்துவது பேணுதலாகும்.

அடிக்கடி கேட்கப்படும் மஸ்அலாக்கள்

1. பாசி படர்ந்து தண்ணீர் பச்சையாகிவிட்டால் ஒளூக் கூடுமா? கூடும். தண்ணீரிலேயே முளைக்கும் பாசி, அடியில் இருக்கும் மண், தானாக உதிர்ந்து விழும் இலை, நெடுநாள் தேங்கி நிற்பது ஆகிய இவற்றால் ஏற்படும் மாறுதல் தண்ணீரின் தூய்மையைப் போக்காது. இவற்றிலிருந்து தண்ணீரைக் காப்பது கடினம் என்பதால் ஷரீஅத் இச்சலுகையை அளித்திருக்கிறது.

2. கொசு, ஈ, எறும்பு, வண்டு போன்றவை தானாக விழுந்து இறந்தால்? ஓடும் இரத்தம் இல்லாத இப்பூச்சிகளால் தண்ணீர் நஜீஸாகாது. எடுத்து எறிந்துவிட்டால் போதும்.

3. மீன் இறந்து மிதந்தால்? மீனின் உடல் சுத்தமானதே. ஆயினும் அழுகுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். இல்லையேல் மற்ற மீன்களுக்கு ஆபத்து, வாடையும் வீசும்.

4. மீனின் கழிவு? ஷாஃபிஈ சட்ட நூல்களில் இது தண்ணீரை மாற்றாதவரை மன்னிக்கப்பட்டது என்று காண்கிறோம். ஆனால், வீண் விளையாட்டாக மீனைத் தண்ணீரில் விட்டிருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் கூறப்பட்டுள்ளது. கொசுப்புழுவைத் தின்னவென்று விடும் மீன் வீண் விளையாட்டல்ல. அளவுக்கு மீறி மீன்களை அடைத்துத் தண்ணீரை நாற வைப்பதோ அந்த மன்னிப்பில் அடங்காது.

5. தவளை இறந்து கிடந்தால்? இதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெரிய ஹவுளில் நிறம், சுவை, வாடை மாறாதவரை இரு மத்ஹபிலும் தண்ணீர் கெடாது. சிறிய தொட்டியாயின் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. பூனை வாய் வைத்தால்? நம்மைச் சுற்றி வளைய வரும் பிராணி என்ற காரணத்தைக் கூறி நபி (ஸல்) அவர்கள் பூனை அசுத்தமல்ல என்று தெளிவாக்கியுள்ளார்கள். குல்லத்தைன் அளவுள்ள தண்ணீரில் நாய் குடித்தாலும், தண்ணீர் மாறாதவரை ஷாஃபிஈ மத்ஹபில் அது அசுத்தமாகாது. ஆகவே கோடைக்காலத்தில் தாகத்தோடு வரும் வாயில்லாப் பிராணியைக் கல்லால் அடித்து விரட்ட வேண்டிய அவசியம் எங்கே இருக்கிறது? தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் தண்ணீர் மொண்டு வந்து புகட்டிய மனிதரின் பாவத்தை அல்லாஹ் மன்னித்தான் என்ற செய்தியை நாம் அறிவோமே!

வளர்க்கலாமா?

மீனையும் பறவையையும் வீட்டில் வளர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவியை வளர்த்து வந்தார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அக்குருவியைப் பற்றி அச்சிறுவரிடம் அன்போடு விசாரிக்கவும் செய்தார்கள். வளர்க்கலாம் என்பதற்கு இதுவே ஆதாரம்.

ஆனால் வேறொரு செய்தியும் உண்டு. ஒரு பெண் பூனையைக் கட்டிவைத்தாள். தானும் உணவளிக்கவில்லை, அது தானே தேடித் தின்னும்படி அவிழ்த்து விடவும் இல்லை. அதன் காரணமாக அவள் நரகம் புகுந்தாள். இங்கே குற்றம் எதுவென்று பாருங்கள். தெருவில் திரியும் பூனைக்கு அவள் பொறுப்பாளியல்ல. கட்டிவைத்த அந்த நிமிடத்திலிருந்துதான் பொறுப்பாளியாகிறாள். ஆற்று மீன் தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். தண்ணீர் கெட்டால் வேறு இடம் போகும். நம் தொட்டி மீனுக்கு எங்கே வழி? நான்கு சுவருக்குள் நாம் அடைத்த உயிர் அது. வளர்ப்புப் பிராணிக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது உரிமையாளர் மீது கடமை என்று ஃபிக்ஹு நூல்கள் தெளிவாகக் கூறுகின்றன. தொட்டி மீனுக்கு நல்ல தண்ணீரே மூச்சு. அதைக் கெடுப்பது அதன் கழுத்தை நெரிப்பதற்குச் சமமன்றோ?

தண்ணீரைப் பேணும் முறை

ஹவுளானாலும் வீட்டுத் தொட்டியானாலும் கீழ்க்காணும் முறைகளைக் கைக்கொண்டால் தண்ணீரும் தெளிவாக இருக்கும். உயிர்களும் நலமாக இருக்கும்.

முதலாவது, ஆழமும் நிழலும். நம் நாட்டு வெயிலில் ஆழமற்ற தொட்டி கொதித்துவிடும். சூடேறிய தண்ணீரில் பிராணவாயு குறைவு. குறைந்தது இரண்டடி ஆழம் வேண்டும். வெயிலும் எருச்சத்தும் மிகுந்தால் பாசி பெருகும். வீட்டுத் தொட்டியில் பாதியளவுக்கு அல்லி இலை மூடியிருந்தால் பாசி அடங்கும். மீனுக்கும் நிழல் கிடைக்கும். பள்ளி ஹவுளில் ஒளூவுக்கு இடைஞ்சலின்றி ஒரு மூலையில் மட்டும் வைக்கலாம்.

இரண்டாவது, செடி நடும் விதம். அல்லிக் கிழங்கை மண்சட்டியில் களிமண்ணும் குளத்து வண்டலும் இட்டு நட்டு, மேலே சிறு கற்களைப் பரப்பித் தண்ணீரில் இறக்குங்கள். சிலர் பச்சைச் சாணத்தை அடியுரமாக இடுகிறார்கள். சாணம் நஜீஸ் என்பதோடு, அது கரைந்து பாசியையும் வளர்க்கும். மார்க்கமும் அனுபவமும் ஒருங்கே தடுக்கும் செயல் இது. வேலம்பாசி போன்ற நீரடிச் செடிகள் மீன் கழிவின் சத்தை உறிஞ்சிக்கொள்ளும். குஞ்சுகளுக்கு ஒளிவிடமும் ஆகும். ஆனால் செடிகள் பகலில் பிராணவாயுவைத் தந்தாலும் இரவில் தாமும் அதையே செலவிடுகின்றன. மிகுதியாக அடர்ந்துவிட்டால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். பஜ்ருக்கு வருவோர் அதைக் கண்டால், செடியைக் குறைக்க வேண்டும், தண்ணீரைக் கலக்கிவிட வேண்டும் என்று புரிந்துகொள்க.

மூன்றாவது, தீனி. பிள்ளைகள் பொரியையும் ரொட்டியையும் கை நிறைய அள்ளி வீசுகிறார்கள். சில நிமிடங்களில் மீன் தின்று தீர்க்கும் அளவே தீனி. மிஞ்சியது அடியில் தங்கி அழுகிப் பிராணவாயுவைத் தின்றுவிடும். தர்மம் என்று எண்ணிச் செய்தது வதையாக முடியும். தாய்மார்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நான்காவது, சுத்தம் செய்தல். முழுத் தண்ணீரையும் ஒரே நாளில் இறைக்காதீர்கள். கால் பங்கு இறைத்து, கால் பங்கு நிரப்புங்கள். சில நாள் கழித்து மீண்டும் அவ்வாறே செய்யுங்கள். தொட்டிச் சுவரில் படியும் வழுவழுப்பெல்லாம் அழுக்கல்ல. மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியா நஞ்சை மாற்றிச் செடிக்கு உணவாக்கும் நுண்ணுயிர்கள் அதில் வாழ்கின்றன. அனைத்தையும் சுரண்டிவிட்டால் புதுத் தண்ணீரிலேயே மீன் நோயுறும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நாளாவது வைத்திருந்து ஊற்றுவது நலம். முற்றிலும் இறைத்தே ஆகவேண்டுமெனில், மீன்களைத் துணிவலையால் பிடித்து, அதே பழைய தண்ணீர் நிரப்பிய அகன்ற பாத்திரத்தில் நிழலில் வையுங்கள். பிளீச்சிங் பவுடர், மயில்துத்தம், புதுச் சுண்ணாம்பு, புதுச் சிமெண்டு ஆகியவை மீனுக்கு நஞ்சு. இவற்றைப் பயன்படுத்திய தொட்டியைப் பலமுறை நிரப்பி வடித்த பின்னரே உயிர்களை விட வேண்டும்.

ஐந்தாவது, ஒளூவின் ஒழுக்கம். மூக்குச் சிந்துவது, உமிழ்வது, சோப்பு நுரையைக் கழுவுவது எல்லாம் வெளிவாய்க்காலில் நடக்கட்டும். தேங்கிய தண்ணீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் கண்டிப்பாகத் தடுத்துள்ளார்கள். கழிவுநீர் ஹவுளுக்குள் திரும்பாதபடி விளிம்பைச் சற்று உயர்த்திக் கட்டுவது தொழுகையாளிக்கும் மீனுக்கும் நலம்.

ஆறாவது, ஏறிவரப் படி. செங்குத்தான சிமெண்டுச் சுவருள்ள தொட்டியில் அணிலும் ஓணானும் கோழிக்குஞ்சும் விழுந்தால் ஏற வழியின்றி நீந்தி நீந்திக் களைத்து மூழ்கிவிடும். ஓடும் இரத்தமுள்ள பிராணி சிறிய தண்ணீரில் இறந்தால் அத்தண்ணீரும் நஜீஸாகிவிடும். நான்கு செங்கல்லைப் படியாக அடுக்கி வைத்தால், அல்லது ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் உயிரும் பிழைக்கும். தண்ணீரும் தூய்மையாக நிற்கும். எவ்வளவு எளிய நற்செயல்!

கொசுவும் தவளையும்

தண்ணீர் தேக்கினால் கொசு வருமே என்று அஞ்சுவோர் உண்டு. அச்சம் நியாயமானதே. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க, நம் நாட்டு வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும். ஆனால் மீன் உள்ள தொட்டியில் புழுக்கள் பெரும்பாலும் தப்புவதில்லை. ஆபத்து பெரும்பாலும் மீனில்லாத பாத்திரங்களில்தான். பறவைகளுக்கு வைக்கும் சட்டியை வாரம் ஒருமுறையேனும் கவிழ்த்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குவைப் பரப்பும் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையிடுகிறது. காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றுவதோ தண்ணீரின் வாடையை மாற்றி, மீனையும் கொன்றுவிடும்.

கொசுவுக்கென 1928-ல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீனும், 1952-ல் வந்த ஜிலேபிக் கெண்டையும் வெளியில் பரவி நாட்டு மீன்களுக்குத் தீங்காயின. கம்பூசியா தவளைக் குஞ்சுகளையும் விடாது. வெங்காயத் தாமரையும் தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் குளங்களை மூடிவிட்டதே. ஆகவே தொட்டியில் மிஞ்சிய அயல்நாட்டு மீனையும் செடியையும் ஆற்றிலோ கண்மாயிலோ விடாதீர்கள். ஒன்றுக்கு விடுதலை கொடுத்துப் பல உயிர்களின் வாழ்வைப் பறித்தவர்களாவோம். வளர்ப்பவர் வேறொருவருக்குக் கொடுங்கள். பள்ளி ஹவுள் மீனாயின் முத்தவல்லியின் அனுமதி வேண்டும்.

தவளையைப் பற்றி நம் மார்க்கத்தில் தனிக் கட்டளையே உண்டு. மருந்துக்காகத் தவளையைக் கொல்லலாமா என்று ஒரு மருத்துவர் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள். அபூதாவூதில் இச்செய்தி உள்ளது. நோய் தீர்க்கவே கூடாதென்றால், கூச்சல் போடுகிறது என்பதற்காக அடித்துக் கொல்வது எங்ஙனம் கூடும்? தவளை பூச்சிகளைத் தின்று பயிருக்கும் வீட்டுக்கும் உதவுகிறது. தவளைக் கால் ஏற்றுமதியை நம் அரசாங்கம் 1987-ல் தடை செய்தது. மழைக்காலத்தில் தொட்டியில் முட்டையிட்டால் விட்டுவிடுங்கள். குஞ்சுகள் சில வாரங்களில் கால் முளைத்துத் தாமே வெளியேறிவிடும். தட்டானின் குஞ்சும் தண்ணீருக்குள் வாழ்ந்து கொசுப்புழுவைத் தின்னும்.

ஆமையைப் பிடித்து வந்து தொட்டியில் விடுவதும் சில ஊர்களில் வழக்கம். நம் நாட்டு ஆமைகளை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். குஞ்சுகளைப் பறிகொடுத்த தாய்ப்பறவை தவித்ததைக் கண்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட்ட நபியின் உம்மத்தல்லவா நாம்? மீன்கொத்தியும் மடையானும் வந்து ஒன்றிரண்டு மீனைக் கொத்திச் சென்றால் ஆத்திரப்பட வேண்டாம். அவற்றின் ரிஜ்கை அல்லாஹ் அவ்வாறு வைத்திருக்கிறான். மீன் ஒளிந்துகொள்ள உடைந்த மண்குழாய்த் துண்டுகளை அடியில் போட்டால் போதும்.

அன்பிற்குரிய சகோதர சகோதரிகளே! பூமியில் நடமாடும் உயிர்களும் சிறகடித்துப் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்பது இறைமறையின் (6:38) போதனை. நம் ஹவுளும் தோட்டத் தொட்டியும் அத்தகைய சமுதாயங்கள் வாழும் ஊர்கள். இந்த ரமளானுக்கு முன் ஹவுளைச் சுத்தம் செய்ய இறங்கும் இளைஞர்கள், துடைப்பத்தை எடுக்குமுன் துணிவலையை எடுக்கட்டும். பிளீச்சிங் பவுடர் வாங்குமுன் மீன்களுக்குப் பாத்திரம் தேடட்டும். ஈரல் ஈரமுள்ள ஒவ்வோர் உயிருக்குச் செய்யும் உபகாரத்துக்கும் நற்கூலி உண்டென்ற நபிமொழியின் கருத்தை மனத்திற் கொண்டால், ஹவுளைச் சுத்தம் செய்யும் வேலையே ஓர் இபாதத்தாகிவிடும்.

நம் உடலைத் தூய்மையாக்கும் தண்ணீரைப் போலவே நம் உள்ளங்களையும் இரக்கத்தால் தூய்மையாக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.